குமரி முனையைத் தாண்டினபிறகு படகில் காய்ச்சல்: திரும்பி வந்தது சரியா?

பூம்பாறைப் பாய் | பிப்ரவரி 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். நம் கொடைக்கானல் ஏரியில் படகு விடுவதைப் பற்றிப் பேசுகிற இந்தப் பகுதியில் கடல் சமாச்சாரத்தைக் கொண்டுவந்து வைக்கிறேன். வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை. நம் மலையில் பாய்மரம் தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

பதினாலு வருசம் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் இருந்தேன். இப்போது ஊரில் பூண்டும் உருளைக்கிழங்கும். கொச்சியில் ஒரு கூட்டாளியும் நானும் சேர்ந்து 31 அடி பைபர் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். படகில் நாலு பேர்: கூட்டாளி, நான், தாண்டிக்குடி நண்பர், என் தங்கச்சி மகன். மருமகனுக்கு 24 வயசு. கொடைக்கானல் ஏரியைத் தவிர வேறு தண்ணீரில் படகு விட்டதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் எட்டு நாள் கொச்சியில் படகுத்துறையிலேயே படுத்து அடிப்பாகத்தைச் சுரண்டி, சாயம் அடித்து, பாயைத் தைத்து வேலை பார்த்தோம். கொசு பிடுங்கி எடுத்தது. மலைக்குளிரில் வளர்ந்த பையன், கொசுவலை வேண்டாம் மாமா, மூச்சு முட்டுது என்றான். நானும் விட்டுவிட்டேன்.

ஜனவரி 19 அன்று கிளம்பினோம். தை மாசத்தில் மேற்குக் கரையில் காற்று நல்ல பிள்ளை. ராத்திரி கரையிலிருந்து மெல்ல வீசும், மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். இரண்டுமே தெற்கே போகிறவனுக்குத் தோதானவை. கொல்லம் பக்கத்துத் தங்கச்சேரி அலைத்தடுப்புச் சுவருக்குள் ஒரு ராத்திரி தங்கினோம். 21 சாயங்காலம் விழிஞ்ஞம். அன்று ராத்திரிதான் பையனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. கூடவே வாந்தி. கடல் மயக்கம் என்று முடிவு கட்டி வாந்திக்கான அவோமின் மாத்திரை கொடுத்தோம். தூங்கினான்.

மறுநாள் சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க ஓடி, விடியும்போது குமரி முனை. சின்னமுட்டம் துறைமுகத்தில் இரண்டு நாள் காற்றுக்காகக் காத்திருந்தோம். பாரசெட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கும், அப்புறம் ஏறும். உடம்புவலி என்று சொன்னதற்கு வழியில் ஒரு மருந்துக்கடையில் வலி மாத்திரை கொடுத்தார்கள், அதையும் போட்டான். வைரல் காய்ச்சல், மூணு நாளில் போய்விடும் என்று நினைத்தோம்.

25 அதிகாலை கிளம்பினோம். காலையில் காற்று குறைவு, என்ஜினில் வடகிழக்கே ஏறினோம். மத்தியானம் பையன் எழுந்து உட்கார்ந்தான். தொட்டுப்பார்த்தால் காய்ச்சல் இல்லை. எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோசம். கட்டங்காப்பி போட்டுக் குடித்தோம்.

அப்புறம் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, பிடித்தது. மணப்பாட்டு முனைக்கு வடக்கே உள்ள வளைவில் நங்கூரம் இறக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் அந்த வளைவு நல்ல மறைவு. வாடைக்கு முழுசாகத் திறந்து கிடக்கும். தெரிந்தேதான் போட்டேன், ராத்திரி காற்று தணியும் என்ற நம்பிக்கையில். ஏழு மீட்டர் ஆழம், நாற்பது மீட்டர் சங்கிலி. தணியவில்லை. அலை நேராக உள்ளே வந்தது. கலங்கரை விளக்கத்தையும் திருச்சிலுவை ஆலயத்து விளக்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு இரண்டும் விலக ஆரம்பித்தன. நங்கூரம் இழுபடுகிறது, பின்னால் கரை.

அதே நேரம் கீழே பையன் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தான். கை கால் ஜில்லென்று இருந்தது. பண்ணைக்காட்டில் இருக்கும் செவிலி அக்காவுக்குப் போன் போட்டேன். கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் சிக்னல் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பத் தம்பி ஒண்ணுக்குப் போனான்?" யாருக்கும் பதில் தெரியவில்லை.

தூத்துக்குடி சுமார் 25 கடல் மைல், காற்றுக்கு எதிரே. சின்னமுட்டம் சுமார் 35, காற்று முதுகில். ராத்திரி 9.40க்கு நங்கூரத்தைத் தூக்கித் திரும்பினேன். விடிகாலை 3.50க்குத் துறைமுக வாயில். 108 வண்டி வந்து நின்றது. நாகர்கோவிலில் டெங்கு என்றார்கள், ரத்தத் தட்டணு 28,000-க்கு இறங்கியிருந்தது. ஆறு நாள் வார்டில் கிடந்து இப்போது வீட்டில் இருக்கிறான். நல்லா இருக்கிறான்.

படகு இன்னும் சின்னமுட்டத்தில்தான் நிற்கிறது. மிச்ச தூரத்தைப் போவதற்கு முன்னால் கேட்கிறேன்: திரும்பினது சரியா? அதற்கு முன்னால் எங்கெங்கே தப்பு செய்தேன்? மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்.

---

தாண்டிக்குடி காப்பி | பிப்ரவரி 9, இரவு 9.15

படகுல இருந்தவன் நான்தான். அன்னைக்கு ராத்திரி திரும்ப வேணாம்னு சொன்னவனும் நான்தான், அதை மறைக்க விரும்பல. தூத்துக்குடி 25 மைல், பெரிய ஊரு, பெரிய ஆஸ்பத்திரி. சின்னமுட்டம் 35 மைல், அங்கருந்து நாகர்கோவிலுக்கு மறுபடி ரோடு. கிட்ட இருக்கறத விட்டுட்டுத் தூரத்துக்கு எதுக்குப் போகணும்னு கேட்டேன். என்ஜின் இருக்கு, பாயே வேண்டாமே, நேரா முட்டிக்கிட்டுப் போயிரலாம்னேன்.

இன்னும் எனக்கு அந்தச் சந்தேகம் முழுசாத் தீரல. காற்று நடுராத்திரி தணிஞ்சிருந்தா?

---

முட்டத்தான் | பிப்ரவரி 9, இரவு 10.05

முட்டத்துல பிறந்து இப்போ பெருமாள்மலையில வாத்தியாரா இருக்கேன். அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போறவங்க. தாண்டிக்குடி அண்ணாச்சிக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன்.

வாடைக்கு எதிரே 18 குதிரை என்ஜினை வச்சு மன்னார் வளைகுடாவுல முட்டிப் பாத்திருக்கியளா? அங்க ஆழம் கம்மி. அலை நீளமா வராது, குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வரும். அணியம், அதான் படகோட முன்பக்கம், ஏறி விழும், ஏறி விழும், படகு நின்னுரும். மணிக்கு ரெண்டு ரெண்டரை மைல் கிடைச்சாப் பெருசு. பத்துப் பன்னெண்டு மணி நேரம். அதுவும் உள்ள கிடக்கிற பையனைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டு. ஒரு வாய் தண்ணி உள்ள நிக்குமா? காற்று தணியும்னு நம்பித்தானே மணப்பாட்டுல நங்கூரம் போட்டிய? ஒரே நம்பிக்கையை ஒரே ராத்திரி ரெண்டு தடவை நம்பக்கூடாது.

திரும்பினா ஆறு மணி நேரம். அலையும் படகும் ஒரே பக்கம் போகும். ஏற்கனவே உள்ள போயிட்டு வந்த வாயில், ஜி.பி.எஸ்ல போன தடம் இருக்கும். இருட்டுல தெரியாத வாயிலைவிடத் தெரிஞ்ச வாயில் மேல். கடல்ல மைலை எண்ணக்கூடாது, மணியைத்தான் எண்ணணும். எங்க அப்பா ஒரு நாளும் ஊர் இத்தனை மைல்னு சொன்னதில்ல. "வாடையில ஒரு பொழுது, கச்சான்ல அரைப்பொழுது"ன்னுதான் சொல்லுவார்.

பூம்பாறை அண்ணன் விளக்கு ரெண்டைக் கோட்டுல வச்சுப் பாத்தாரே, அதை எங்க பக்கம் கணிச்சம்னு சொல்லுவாங்க. கரையில தென்படுற மலை, கோயில், பனைன்னு ரெண்டு ரெண்டாச் சேர்த்துத்தான் கடலுக்கடியில இருக்கிற பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பாங்க. நங்கூரம் இழுக்குதான்னு பாக்கவும் அதுதான் சரி. போன்ல அலாரம் வச்சிட்டுத் தூங்குறவங்களும் இதைப் பழகி வச்சுக்கணும்.

ஆனா வேற ஒரு தப்பு இருக்கு. நாளைக்கு எழுதுறேன், பிள்ளைகளுக்குப் பேப்பர் திருத்தணும்.

---

ஏரிக்கரை | பிப்ரவரி 10, காலை 7.20

நான் நம்ம ஏரியில துடுப்புப் படகு மட்டும் விடறவன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. டெங்குன்னா பப்பாளி இலைச் சாறு கொடுத்தாத் தட்டணு ஏறும்னு சொல்றாங்களே, படகுல அதை வச்சிருந்திருக்கலாமா? கடல் மயக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

---

பண்ணைக்காடு செவிலி | பிப்ரவரி 10, மதியம் 2.30

ராத்திரி டியூட்டி முடித்து இப்போதுதான் பார்த்தேன். ஏரிக்கரை தம்பி கேட்டதிலேயே விசயம் இருக்கிறது.

கடல் மயக்கத்தில் காய்ச்சல் வராது. வாந்தி வரும், தலை சுற்றும், முகம் வெளுக்கும், எதுவும் வேண்டாம் என்று கிடப்பார்கள். உடம்பு சுட்டால் அது வேறு ஏதோ. படகில் ஒரு தெர்மாமீட்டர் இருந்து, நோட்டில் மணி போட்டு எழுதியிருந்தால் விழிஞ்ஞத்திலேயே சந்தேகம் வந்திருக்கும். அவோமின் தூக்கத்தையும் கொடுக்கும். மருந்தில் தூங்குகிறானா, உடம்பு தளர்ந்து மயங்கிக் கிடக்கிறானா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

டெங்கு கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சலைக் கொண்டுவரும். எட்டு நாள் கொச்சியில் கடிபட்டவனுக்கு மூன்றாம் நாள் கடலில் காய்ச்சல் வந்தது கணக்குக்குச் சரியாக இருக்கிறது. அந்தக் கொசு பகலில் கடிக்கிறது. ராத்திரி வலை மட்டும் போதாது, வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை வேண்டும். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை பழக்கத்திலேயே இல்லை.

இப்போது நீங்கள் எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு குறையும்போது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாளுக்குள் நிலைமை தலைகீழாகிவிடும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரே சோர்வு அல்லது ஒரே பதற்றம், கை கால் குளிர்வது, சிறுநீர் குறைவது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். நீங்கள் காப்பி போட்டுக் குடித்த அந்த மத்தியானம்தான் கவனமாகப் பார்த்திருக்க வேண்டிய நேரம். குற்றமாகச் சொல்லவில்லை. வார்டிலேயே வீட்டுக்காரர்கள் "காய்ச்சல் விட்டிருச்சு, பேர் வெட்டிருங்க" என்று வந்து நிற்பார்கள். தினம் பார்க்கிறேன்.

விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். போனில் அதைத்தான் செய்யச் சொன்னேன். அண்ணன் நாலு வரை எண்ணினார். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வலி மாத்திரை விசயம்: காய்ச்சலுக்குக் காரணம் தெரியாதபோது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். பாரசெட்டமால் மட்டும், அளவோடு. பப்பாளி இலையை நம்பி நேரத்தை விடாதீர்கள் தம்பி. உடம்பில் நீர் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அதுதான் உயிர். படகில் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இருபதாவது வையுங்கள். தீர்ந்துபோனால் கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுக்கிறவனுக்கு டம்ளரில் கொடுக்கக்கூடாது, ஸ்பூன் ஸ்பூனாக, நிமிசத்துக்கு ஒரு தடவை. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

---

வட்டக்கானல் பெரியவர் | பிப்ரவரி 10, மாலை 6.10

கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நோயாளியைச் சுமந்திருக்கிறேன். வெள்ளகவிக்கு ரோடு இல்லாத காலத்தில், கம்பில் டோலி கட்டி ஆளை ஏற்றிக்கொண்டு வருவோம். எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கினாலும் இறங்குகிற வேகம் வேறு, ஏறுகிற வேகம் வேறு. அங்கே யாரும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் இருட்டிவிடும், மழை பிடித்தால் பாறை வழுக்கும். நோவு லேசாக இருக்கும்போதே தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதி தடவை வீண் சுமைதான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.

தம்பி, நீங்கள் விழிஞ்ஞத்தில் இருந்தீர்கள், பக்கத்திலேயே திருவனந்தபுரம். சின்னமுட்டத்தில் இரண்டு நாள் இருந்தீர்கள். ரோடு இருந்த இடத்தில் இறக்காமல் ரோடு இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அதைத்தான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

---

முட்டத்தான் | பிப்ரவரி 10, இரவு 9.30

நேத்து நான் எழுதாம விட்டதைப் பெரியவர் எழுதிட்டார். அதேதான்.

கடல் வரைபடத்துல நங்கூரக் குறி போட்டிருக்கும். அது எதைச் சொல்லுது? ஆழம் இவ்வளவு, தரை மணலா சேறா, எந்தக் காத்துக்கு மறைவு. அவ்வளவுதான். ஆளைக் கரையில இறக்க முடியுமான்னு அது சொல்லாது. குமரிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல எத்தனையோ ஊர், எல்லாம் திறந்த கரை. வள்ளத்தை அலை மேல ஏத்தி மணல்ல சாத்துறது எங்க ஆளுங்களுக்குக் கைவந்த வேலை. ஆனா கை கால் ஜில்லிட்டுக் கிடக்கிற ஒருத்தனைப் பாய்மரப் படகுலருந்து வள்ளத்துக்கு மாத்தி, ராத்திரி, வாடை அலையில கரையேத்துறது? வள்ளம் கவுந்தா என்ன ஆகும்? நங்கூரம் போட முடியுற இடம் வேற, ஆளை இறக்க முடியுற இடம் வேற. அடுத்த தடவை வரைபடத்துல ரெண்டாவதைத் தனியா வட்டம் போட்டு வைங்க: தங்கச்சேரி, விழிஞ்ஞம், சின்னமுட்டம், தூத்துக்குடி. ஒவ்வொண்ணுக்கும் நேரா எந்தக் காத்துல எத்தனை மணி நேரம்னு எழுதுங்க. தேங்காய்ப்பட்டணம் மாதிரி வாயில்ல மணல் சேந்து அலை உடையுற துறைமுகத்தை உள்ளூர் ஆள்கிட்டக் கேக்காம அந்தப் பட்டியல்ல சேக்காதீங்க. அந்த வாயில்ல எங்க ஆளுங்களே உசிர விட்டிருக்காங்க.

இன்னொண்ணு. வி.எச்.எஃப் ரேடியோ இருந்துச்சா? அவசரத்துக்குக் கூப்பிடுற 16ஆம் சேனல்ல யாரையாவது கூப்பிட்டியளா?

---

பூம்பாறைப் பாய் | பிப்ரவரி 11, காலை 6.00

இருந்தது. கூப்பிடவில்லை.

படகு மூழ்கவில்லையே, நாமே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தேன். கப்பலில் வேலை பார்த்தவன் நான். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேடே, அவசரம் ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் பான்-பான் என்று மூன்று தடவை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பயிற்சியில் படித்தவன். நோயாளி இருக்கும் படகும் பான்-பான் சொல்லிக் கூப்பிடலாம் என்பதும் தெரியும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் போனில் இருந்தது. அன்றைக்கு நகம் சிவக்க நாலு எண்ணினபோதே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டிருந்தால் வழியில் எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்கூட நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருத்தருக்காவது தெரிந்திருக்கும்.

பெரியவர் சொன்னதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினது சரி என்று எல்லாரும் சொல்கிறீர்கள். ஆனால் திரும்பும்படி ஆனதே சின்னமுட்டத்தில் நான் அவனை இறக்காமல் விட்டதால்தான். இரண்டு நாளும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பையனைப் பார்க்கவில்லை.

---

தாண்டிக்குடி காப்பி | பிப்ரவரி 11, காலை 8.45

முட்டத்தான் வாத்தியார் சொன்ன கணக்கைப் போட்டுப் பாத்தேன். நான் சொன்ன வழியில போயிருந்தா காலையில பத்து மணிக்கும் கடல்லதான் இருந்திருப்போம். பத்து மணிக்கு அவனுக்கு நாகர்கோவில்ல ரெண்டாவது பாட்டில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. நான் அன்னைக்கு ராத்திரி கோவத்துல பேசினதுக்குப் பூம்பாறை அண்ணன்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன், இங்கயும் சொல்லிக்கறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மிச்ச தூரத்துக்கு எந்த மாசம் நல்லது?

---

முட்டத்தான் | பிப்ரவரி 11, இரவு 8.15

மாசி பின்பாதியிலருந்து பங்குனிக்குள்ள. வாடை தளர்ந்திரும், காலையில கரைக்காத்துல ஏறிட்டு மத்தியானத்துக்குள்ள கட்டிரலாம். சித்திரைக்குத் தள்ளிப் போடாதீங்க. அப்போ கள்ளக்கடல் வரும். இங்க காத்தே இருக்காது, வானம் தெளிஞ்சு கிடக்கும், தெற்கே ரொம்பத் தூரத்துல எங்கயோ எழும்பின அலை வந்து கரையில ஏறும். ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை போடுறாங்க, அதைப் பாக்காம நங்கூரத்தைத் தூக்காதீங்க. ஏப்ரல் 15லருந்து கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் துறைமுகத்துக்குள்ள நெருக்கிக் கட்டிக் கிடக்கும், உங்களுக்கு இடமும் கிடைக்காது.

மணப்பாட்டுல நிக்கணும்னா பகல்ல நில்லுங்க. காத்து ஒரு பக்கமும் அலை ஒரு பக்கமும் வந்து படகு பக்கவாட்டுல உருளுச்சுன்னா, நங்கூரச் சங்கிலியில ஒரு கயிறைக் கட்டி அமரத்துப் பக்கம், அதான் படகோட பின்பக்கம், இழுத்துக் கட்டுங்க. அணியம் அலைக்கு நேரா திரும்பும். உள்ள படுத்திருக்கிறவனுக்கு அது பெரிய நிம்மதி.

---

மன்னவனூர் மருமகன் | பிப்ரவரி 12, இரவு 7.50

நான்தான் அந்தப் பையன். மாமா இந்த இழையைக் காட்டினார். புதுசாப் பேர் பதிஞ்சு எழுதறேன்.

ஒரு விசயம் யாருக்கும் தெரியாது. சின்னமுட்டத்தில ரெண்டாம் நாள் காலையில பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வந்துச்சு. நான் சொல்லல. சொன்னா என்னை இறக்கி பஸ் ஏத்திருவாங்கன்னு தெரியும். மூணு வருசமா மாமாகிட்டக் கேட்டுக் கேட்டு வந்த பயணம். துப்பிட்டு வாயைக் கழுவிக்கிட்டேன். அதனால மாமா தன் மேலயே எல்லாத்தையும் போட்டுக்க வேண்டாம்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ரொம்ப ஞாபகம் இல்ல. நங்கூரத்துல நிக்கும்போது தலைமாட்டுல அலை அடிக்கிற சத்தம், சாமானெல்லாம் உருள்றது, சங்கிலி இழுத்து இழுத்து விடுறது. அப்புறம் திடீர்னு அந்தச் சத்தம் நின்னுச்சு. படகு ஒரு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு. ஊர் போய்ச் சேர்ந்துட்டோம்னு நினைச்சேன். தாண்டிக்குடி மாமா பக்கத்துல உக்காந்து ஸ்பூன்ல உப்புத்தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்தார். துறைமுகம் வர்ற வரைக்கும் அவர் எந்திரிக்கல.

---

பண்ணைக்காடு செவிலி | பிப்ரவரி 12, இரவு 9.05

தம்பி, எழுதினாயே, அதுவே பெரிசு. ஒரு டெங்கு வந்தவனுக்கு வேறு வகை டெங்கு மறுபடி வந்தால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடற்கரைக்குப் போனால் முழுக்கைச் சட்டை, கொசுவலை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. வரும் வாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் வா, ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

---

பூம்பாறைப் பாய் | பிப்ரவரி 13, காலை 5.40

பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் முன்னால் எழுதுகிறேன்.

மார்ச் முதல் வாரத்தில் சின்னமுட்டத்திலிருந்து கிளம்புகிறோம். வரைபடத்தில் நாலு வட்டமும் போட்டாயிற்று, காற்று வாரியாக மணிக்கணக்கும் எழுதியாயிற்று. தெர்மாமீட்டர் இரண்டு வாங்கியிருக்கிறேன். காலையும் மாலையும் நாலு பேருக்கும் சூடு, சிறுநீர், சாப்பாடு எல்லாம் நோட்டில் ஏறும். யாருக்காவது 100 டிகிரியைத் தாண்டினால் அடுத்த வட்டத்தில் இறங்குகிறோம், காற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும். நோட்டு எழுதுகிற வேலை மருமகனுடையது. அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் வரியில் அவன் தன் ஈறைப் பற்றித்தான் எழுதப்போகிறான் என்று சொல்கிறான்.

முட்டத்தான் தம்பி, உங்கள் சித்தப்பா இப்போதும் சின்னமுட்டம் பக்கம் வருவாரென்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.